சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் வாசலில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில், பதினைந்து வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் தமிழ் படிப்பிக்கிறேன். வகுப்புக்குள் பிள்ளைகள் கேட்கிறவை சுலபமான கேள்விகள். "மிஸ், பிரேக் எப்ப?" அதுதான் பெரும்பாலும். கஷ்டமான கேள்விகள் வெளியே நடைபாதையில், கையில் கோப்பியோடு நிற்கிற தாய் தகப்பனிடமிருந்துதான் வரும். 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆனவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன்.

கேள்வி: பிள்ளைக்குத் தமிழ் எல்லாம் விளங்குது, ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வருது. இது தமிழ் தெரியும் என்ற கணக்கில் வருமா?

கனடாவின் குடிசனக் கணக்கெடுப்பைக் கேட்டால், வரும். சிறுவயதில் வீட்டில் முதலில் கற்று, இன்னும் விளங்குகிற மொழி எதுவோ அதுதான் தாய்மொழி என்று அங்கே வரையறுத்திருக்கிறார்கள். விளங்கினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. 2016 கணக்கெடுப்பில் தாய்மொழி தமிழ் என்று பதிந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். அதில் எத்தனை பேர் பதிலைத் தமிழில் சொல்வார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. அதனால்தான் வீட்டில் அதிகம் பேசுகிற மொழி எது என்று தனியாக இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள்.

என் கணக்கு வேறு. பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வதற்குக் காரணம் சோம்பலோ கூச்சமோ இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கும் என்பதை நாலு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான். தேவையில்லாத வேலையை ஏன் செய்ய வேண்டும்?

ஒரு பெடியன் இருந்தான், ஒன்பது வயது. இரண்டு வருடம் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அந்த வருடம் அவனுடைய அம்மம்மா ஊரிலிருந்து வந்தா. காது கொஞ்சம் மந்தம், ஆங்கிலம் அறவே இல்லை, தாய் தகப்பன் இரண்டு பேரும் இரவு வேலை. ஆறு மாதம் கழித்து நடைபாதையில் தாயின் போனைப் பிடுங்கி அவன் கத்தினான்: "அம்மம்மா, ரிமோட்டை எங்க வச்சனீங்கள்?" வச்சனீங்கள்! அந்த யாழ்ப்பாணத்து 'னீங்கள்' எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் படிப்பித்ததும் இல்லை.

கேள்வி: சின்ன வயதில் இரண்டு மொழி கொடுத்தால் பிள்ளை குழம்பாதா?

குழம்பாது. ஒரே வசனத்தில் இரண்டு மொழியும் வந்தால் அதுவும் குழப்பம் இல்லை, கையில் கிடைத்த சொல்லை எடுக்கிறது. பேச்சு உண்மையிலேயே பிந்துகிறது என்றால் நிபுணரிடம் காட்டுங்கள். ஆனால் தமிழை நிறுத்துவது அதற்கு மருந்து இல்லை.

கேள்வி: எத்தனை தலைமுறையில் மொழி போய்விடும்?

மூன்று என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. முதலாம் தலைமுறை புது மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசும், இரண்டாவது இரண்டையும் பேசும், மூன்றாவது பழசை விட்டுவிடும். மொழிச் சமூகவியலில் ஜோஷுவா ஃபிஷ்மன் போன்றவர்கள் அமெரிக்கக் குடியேறிகளை வைத்து விரிவாக எழுதியது இதைத்தான். ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பொருந்தாத இடங்களைப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

தென்னாப்பிரிக்காவை எடுங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து போய் டர்பன் துறையைத் தொட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1911 வரை சுமார் 1,52,000 பேர் அங்கே போனார்கள். பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்கள் வீட்டில் தமிழ் நூறு வருடத்துக்குக் கிட்ட நின்றது. அரசாங்கம் ஆதரித்தது என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. வெள்ளையர் பள்ளிக்குள் விடவில்லை, வெள்ளையர் தெருவில் இருக்கவிடவில்லை. ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை. கிழவிக்கு வேறு மொழி தெரியாது. பேரனுக்குச் சோறு வேண்டும். தமிழில்தான் கேட்க வேண்டும்.

பிறகு 1950இல் நிறவெறி அரசு இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கிற சட்டத்தைக் கொண்டுவந்தது. பெரிய குடும்பங்களாக இருந்தவர்களைப் பெயர்த்தெடுத்து, 1960களில் சாட்ஸ்வர்த் போன்ற இடங்களில் சிறிய சிறிய வீடுகளில் போட்டார்கள். கிழவி ஒரு வீட்டில், பேரன் இன்னொரு வீட்டில். அதே காலத்தில் பள்ளிக்கூடமும் பரவலாக எட்டியது, ஆங்கிலத்தில். அக்கா பள்ளியிலிருந்து ஆங்கிலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தாள். கதை முடிந்தது. இன்றைக்கு அந்த நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயர் அச்சாகியிருக்கிறது. பேசுவதற்குத்தான் ஆள் குறைவு.

அந்த அக்காவை ஸ்காபரோவிலும் தினமும் பார்க்கிறேன். மூத்த பிள்ளை நன்றாகத் தமிழ் கதைக்கும், இரண்டாவது விட்டுவிட்டுக் கதைக்கும், மூன்றாவது தலையாட்டும். தாய்மார் கடைசிப் பிள்ளையைக் குறை சொல்வார்கள். வீட்டுக்குள் ஆங்கிலத்தைக் கொண்டுவந்த வாசல் மூத்ததுதான். அதன் மேலும் பிழை இல்லை, பள்ளிக்கூடம் போகத்தானே வேண்டும்.

ஒன்று சொல்ல எனக்கே கசக்கிறது. ஒதுக்கிவைத்த நாடு மொழியை நூறு வருடம் காத்தது. 1971இலிருந்து பல்பண்பாட்டைக் கொள்கையாகவே வைத்து, ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடுகிற நாட்டில் அது நாற்பது வருடத்தில் தளர்கிறது. அதற்காக யாரும் ஒதுக்கப்பட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அன்பான நாடு என்பதால் மொழி தானாக நிற்கும் என்ற நினைப்பை விட்டுவிடலாம்.

கேள்வி: அப்படியானால் ஒருவருமே காப்பாற்றியதில்லையா?

மதுரைக்குப் போங்கள். பட்டுநூல்காரர்கள் என்று ஊர் சொல்கிற சௌராஷ்டிரர்கள் குஜராத்துப் பக்கமிருந்து நெசவோடு வந்து, நாயக்கர் காலத்திலேயே மதுரையில் வேர் விட்டவர்கள். வீட்டுக்குள் இன்னமும் சௌராஷ்டிரம். வெளியே வந்தால் அசல் மதுரைத் தமிழ். தமிழ் உச்சரிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாம் காட்டுகிற டி.எம்.சௌந்தரராஜன் அந்தச் சமூகத்துப் பிள்ளை. இரண்டு மொழி குழப்பும் என்று சொல்கிறவர்களை நான் அவருடைய பாட்டைக் கேட்கச் சொல்வேன்.

அவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு இருக்கவில்லை, வீட்டு மொழியில் பாடப்புத்தகமும் பெரிதாக இல்லை. ஆனால் ஒரே தெரு, ஒரே தொழில், தங்களுக்குள் கல்யாணம். தறியடியில் பேச ஒரு மொழி தேவைப்பட்டது. தெருவையும் தொழிலையும் கல்யாணத்தையும் அப்படி அடைத்துவைக்க இந்தக் காலத்தில் முடியாது, நான் அடைக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் மொழியைத் தாங்கியது எது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கேள்வி: பிள்ளை எல்லாரையும் 'நீ' என்கிறது. மரியாதை தெரியவில்லையே?

அதற்கு மரியாதை தெரியும், சொல் தெரியாது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படி. தம்பிக்கு 'நீ'. புதிதாகப் பழகுகிற சமவயதுக்காரருக்கு 'நீர்', சில வீடுகளில் மனைவிக்கும். மாமாவுக்கு 'நீங்கள்'. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். அதைத் தமிழில் தேடுகிற பிள்ளைக்கு முதலில் அகப்படுவது 'நீ', ஏனென்றால் வீட்டில் அதன் காதில் அதிகம் விழுவது அதுதான். "நீ சாப்பிட்டியா, நீ படிச்சியா" என்று அதனிடம்தானே சொல்கிறோம். தன்னிடம் வந்த சொல்லை அம்மம்மாவிடம் திருப்பிக் கொடுக்கிறது, அம்மம்மாவுக்கு முகம் சுண்டிப்போகிறது. தீர்வு சின்னது. பிள்ளையின் முன்னால் கணவனும் மனைவியும் 'நீங்கள்' போட்டுக் கதையுங்கள். பிள்ளைக்கே இடைக்கிடை "சாப்பிட்டீங்களோ" என்று கொஞ்சலாகக் கேளுங்கள். மூன்று மாதத்தில் மாறும்.

மரியாதைச் சொல்லைவிட என்னை உறுத்துவது உறவுச்சொல். பெரியப்பா, சித்தப்பா, மாமா மூன்று பேரும் 'அங்கிள்' ஆகிவிட்டார்கள். மச்சான், மச்சாள், அண்ணா, தங்கச்சி நாலு பேரும் 'கசின்'. சொல் போனால் போகட்டும் என்று விடலாம், ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தாயின் தம்பி மாமா, தகப்பனின் தம்பி சித்தப்பா. ஒருவர் பிள்ளையின் சடங்குக்குச் சீர் கொண்டுவருகிறவர், மற்றவர் தகப்பன் இல்லாத இடத்தில் தகப்பனாக நிற்கிறவர். வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளை ஒன்று எழுதியது: "அங்கிள் 1, அங்கிள் 2, ப்ராம்ப்டன் அங்கிள்."

கேள்வி: எந்தத் தமிழைப் படிப்பிக்கிறீர்கள்? யாழ்ப்பாணமா, இந்தியாவா?

எழுதுவது பொதுத் தமிழ். கதைப்பது அவரவர் வீட்டுத் தமிழ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மம்மா "கதைக்கிறா" என்றால் பிள்ளையும் கதைக்கட்டும். பக்கத்துப் பிள்ளையின் பாட்டி "பேசுறாங்க" என்றால் அது பேசட்டும். இங்கே ரொறன்ரோ என்று எழுதுவோம், சென்னைப் பத்திரிகையில் டொராண்டோ என்று வரும். இரண்டும் ஒரே ஊர் என்று பிள்ளைகளுக்கு விளங்க ஒரு நிமிடம் போதும். பெற்றோருக்குத்தான் நேரமெடுக்கும்.

ஒருநாள் "கதிரையை இழுத்துவிட்டு இரு" என்றேன். சென்னையிலிருந்து புதிதாக வந்த பிள்ளை யன்னலைப் பார்த்தது. "கதிர்னா சன் ரேஸ்தானே மிஸ், அதை எப்படி இழுக்கிறது?" வகுப்பே சிரித்தது. நாற்காலிதான் எங்களுக்குக் கதிரை என்று சொன்னேன். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வீட்டிலும் கதிரை என்று சொல்வதாகத் தாய் கொஞ்சம் கவலையோடு வந்தா. அந்தக் கதிரை தமிழே இல்லை, போர்த்துக்கேயச் சொல் என்றேன். கவலை கூடியதா குறைந்ததா தெரியவில்லை.

கேள்வி: ஒவ்வொரு வசனத்திலும் ஆங்கிலம் கலக்குது. தமிழ் கெட்டுப்போகாதா?

கதிரையிலிருந்தே தொடங்குவோம். மேசை, அலுமாரி, யன்னல், சாவி, துவாய், சப்பாத்து, குசினி, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. கக்கூஸ் ஒல்லாந்தர் தந்தது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் யாழ்ப்பாணத்து வீட்டில் இருக்க இடமில்லை, துடைக்கத் துணியில்லை. கொடுத்ததும் உண்டு. மலாய்க்காரர் கடையைக் 'கெடை' என்பார்கள், கப்பலைக் 'கபல்' என்பார்கள், வியாபாரத்தில் போடுகிற முதலை 'மோடல்' என்பார்கள். சொல் வாங்குவதும் கொடுப்பதும் சந்தை இருக்கிற எல்லா மொழியிலும் நடப்பதுதான்.

அதனால் பெயர்ச்சொல்லைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. ஸ்னோ கொட்டட்டும், பஸ் வரட்டும். நான் காது கொடுத்துக் கேட்பது வினைச்சொல்லை. "ஓப்பின் பண்ணு", "குக் பண்ணு", "வெயிட் பண்ணு" என்று வந்தால், திற, சமை, நில் மூன்றும் மெல்லப் போய் 'பண்ணு' மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு அடுத்தபடி "ஏனென்றால்", "ஆனால்", "வந்தபிறகு" மாதிரியான இணைப்புகள் ஆங்கிலமாகும். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் அது ஆங்கில வசனம், நடுவில் சில தமிழ்ச் சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. திருத்த நினைத்தால் அங்கே திருத்துங்கள். பஸ்ஸைப் பேருந்தாக்கி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: மொழி போனால் அடையாளமும் போய்விடுமா?

போகாது. மொரீஷியஸ் தமிழர்கள் பெரும்பாலும் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். ஆனால் அங்கே தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க விடுமுறை. காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. அதற்குப் பெயரே பிரெஞ்சில் 'செத் கரி'. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் மத்திய வங்கி புதிய நோட்டு அடித்தபோது, இரண்டாவதாக இருந்த தமிழை நாகரி எழுத்துக்குப் பின்னால் மூன்றாவதாகத் தள்ளிவிட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, அடுத்த வருடம் பழைய வரிசையில் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாதவர்களும் அதன் இடத்துக்காக நின்றார்கள். அடையாளம் அவ்வளவு பிடிவாதமானது.

ஆனால் அது உருமாறுகிறது. வீட்டில் புழங்கிய மொழி கோயிலுக்குப் போய்விடுகிறது. பண்டிகைக்கு உடுக்கிற பட்டுச்சேலை மாதிரி. குசினியில் சண்டை பிடிக்கவும் பகிடி விடவும் அது வராது. என்னைக் கேட்டால் இழப்பு அங்கேதான், பகிடியில். அம்மம்மாவின் பகிடிக்குப் பேரன் மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டுச் சிரித்தால், அந்தச் சிரிப்பு மரியாதைக்குத்தான்.

கேள்வி: பரதநாட்டியம் பழகுகிறாள், அரங்கேற்றமும் வருது. போதாதா?

ஆடட்டும், நல்லது. பாட்டின் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்குகிறாளா என்று மட்டும் பாருங்கள். தேவாரப் போட்டியிலும் இதே கதைதான்.

கேள்வி: பெயரைச் சுருக்கலாமா? பள்ளியில் கூப்பிடக் கஷ்டப்படுகிறார்கள்.

சுருக்குவது உங்கள் விருப்பம். ஆனால் குடியேறுகிறவர் பெயரை எழுத்தர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் வழக்கமில்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். படிவத்தில் குடும்பப்பெயர் கட்டாயம் என்றதும் தகப்பனின் பெயரைப் போட்டோம். இப்போது என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளைக்கு அவளுடைய அப்பப்பாவின் சொந்தப் பெயர்தான் குடும்பப்பெயர். பள்ளியில் ரீச்சர் அவளை எழுப்பும்போதெல்லாம் இறந்துபோன கிழவரையும் சேர்த்துக் கூப்பிடுகிறா. தென்னாப்பிரிக்காவில் சாதிப் பட்டங்களே குடும்பப்பெயராக இறுகிப்போயின. நாயுடு, பிள்ளை, முதலி, கவுண்டர் எல்லாம் அந்த நாட்டு எழுத்துக்கூட்டலில் இன்னமும் இருக்கின்றன, அதைப் போட்டுக்கொண்டிருப்பவருக்குப் பொருள் தெரியாவிட்டாலும்.

கேள்வி: ஊருக்குக் கூட்டிப்போனால் தமிழ் வருமா?

ஒரு மாதம் விட்டால் வரும். ஒரு வாரம் ஹோட்டலில் இருந்தால் வராது. ஆனால் இன்னொன்றும் நடக்கும், தயாராக இருங்கள். இங்கே "நீ எந்த நாடு" என்று கேட்கப்பட்ட பிள்ளை, அங்கே போனால் "வெளிநாட்டுப் பிள்ளை" ஆகிவிடும். வாய் திறக்குமுன்னே ஓட்டோக்காரர் சப்பாத்தைப் பார்த்து விலையைக் கூட்டுவார். தகப்பனுக்கும் அதிர்ச்சி உண்டு. அவர் சொல்லிவந்த ஊர் 1989இல் விட்டுவந்த ஊர், அந்தக் காலத்துப் பகிடிகளோடு. இப்போது அங்கே இருக்கிற இளம் பெடியள் அவருடைய பேச்சைக் கேட்டுப் பழைய ஆள் என்று சிரிக்கிறார்கள்.

ஊர் என்பது போய்ப் பார்த்தால்தான் வரும் என்றும் இல்லை. வள்ளியம்மை 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். காந்தியின் போராட்டத்தில் சிறை போய், தென்னாப்பிரிக்காவிலேயே 1914இல் 16 வயதில் இறந்தார். நாம் அவரைத் தில்லையாடி வள்ளியம்மை என்கிறோம். தில்லையாடி அவருடைய தாயின் ஊர்.

கேள்வி: சனிக்கிழமை வகுப்பு போதுமா?

போதாது. என் சம்பளத்தில் கைவைக்கிற பதில், ஆனாலும் போதாது. கிழமைக்கு 168 மணித்தியாலம், நான் தருவது இரண்டரை.

சிங்கப்பூரைப் பாருங்கள். ஒரு சிறுபான்மைக்கு ஓர் அரசு என்னவெல்லாம் செய்ய முடியுமோ அதில் பெரும்பங்கு அங்கே நடக்கிறது. தமிழ் ஆட்சிமொழி நான்கில் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடம், 1935இலிருந்து தமிழ் முரசு, வானொலி, தொலைக்காட்சி. அப்படியிருந்தும் அங்கே வசிப்பவர்களில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2010இல் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல், 2020இல் 2.5 சதவீதம். பள்ளிக்கூடம் எழுத்தைத் தரும், சோதனையில் புள்ளி தரும். சோற்று மேசையில் உட்கார்ந்து கதைக்கப் பள்ளிக்கூடம் வராது.

வீட்டில் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டாம். ஒரு ஆள், ஒரு வேலை, அது தமிழில் மட்டும். கிழமைக்கு மூன்றுநாள் அம்மம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டு மருந்து போட்டாவா என்று கேட்பது பிள்ளையின் பொறுப்பு என்று வைத்துவிடுங்கள். கேட்டு முடித்ததும் என்ன சொன்னா என்று பிள்ளையிடம் விசாரியுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்காதீர்கள். அது மிக முக்கியம்.

கேள்வி: மகனுக்கு 19 வயது. நாங்கள் விட்டுவிட்டோம். இனிப் பிந்திவிட்டதா?

காதில் விழுந்து வளர்ந்த மொழி முழுதாக அழிவதில்லை. பெரியவர்களாகித் திரும்பி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சிலர் தங்களுக்குப் பிள்ளை பிறந்ததும் வருவார்கள், சிலர் கல்யாணம் பேசியதும்.

போன மாரியில் ஒரு பெண் வந்தா, இருபத்தாறு வயது, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தாதி. அங்கே தமிழ்க் கிழவிகள் நாலைந்து பேர். மறதிநோய் முற்றியதும் முப்பது வருடம் தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலம் கழன்று போய்விட்டது, தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இல்லத்தில் தமிழ் முகம் இவ ஒருத்திதான். கையில் ஒரு தாள் வைத்திருந்தா. குளிருதா, தண்ணி வேணுமா, எங்கே நோகுது, திரும்பிப் படுங்கோ. 'நோகுது'வுக்கும் 'வலிக்குது'வுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டா. இரண்டும் ஒன்றுதான், ஆனால் அந்த அம்மாக்களுக்கு 'நோகுது' என்றே கேளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டா.

எழும்பிப் போகும்போது இன்னொன்று கேட்டா. "அவை என்னைப் 'பிள்ளை, பிள்ளை' எண்டு கூப்பிடினம். அதுக்குத் திருப்பி என்ன சொல்ல வேணும், மிஸ்?"

"ஓம்" என்றால் போதும் என்றேன்.